பாலைக்குள் வந்த வெள்ளம்

கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஜாமியிடம் ஷிர்வான் மன்னர் லைலா–மஜ்னு கதையைப் பாரசீகத்தில் பாடித் தரக் கேட்டார். நிஜாமி தயங்கினார். வறண்ட மணலும் கரட்டு மலையும்தான் கதைக்களம். தோட்டமில்லை, அரச விருந்தில்லை, இதில் எதைப் பாடுவது என்பது அவர் குறை. ஆனாலும் 1188-இல், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஈரடிகளில் பாடி முடித்தார். அரபுப் பழங்கதைக்குள் பாரசீக வசந்தமும் நட்சத்திர வானமும் குடியேறின. பின்னால் டெல்லியில் அமீர் குஸ்ரௌவும் ஹெராத்தில் ஜாமியும் அதே கதையைத் தத்தம் போக்கில் பாடினார்கள்.

அதே அரபு மணல், சுமார் ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, பழைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரத்துக்கு வந்தது. உமறுப் புலவர் எடுத்துக்கொண்டது காதல் கதையை அல்ல, நபிகளின் வரலாற்றை. அவருடைய சிக்கலும் வேறு. நாடும் நகரும் மலையும் கடலும் பாடாமல் தமிழில் பெருங்காப்பியம் தொடங்காது. ஆகவே சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் மேகம் கடல்நீரைக் குடித்து மலையில் பொழிகிறது. வெள்ளம் இறங்கி அரபு நாட்டில் பாய்கிறது. உழவும் நடவும் நடக்கின்றன.

பொதிகையில் பெய்த மழை பாபநாசத்தில் இறங்கி வயல்களுக்குப் பிரிவதைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இந்த வெள்ளம் புதிதல்ல. ஆனால் எட்டயபுரம் ஆற்றங்கரை ஊரல்ல. வானம் பார்த்த கரிசல். புலவர் தம் வாசலில் கண்ட ஆறாக அது இருக்க முடியாது. கம்பனின் ஆற்றுப்படலம் வழியே வந்த ஆறு அது. கோசலத்துச் சரயுவைத் தமிழ் ஆறாக்கிய அதே மரபு, இப்போது அரபு நாட்டுக்கும் வாய்க்கால் வெட்டியது.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டாரா? நூலின் அமைப்பைப் பாருங்கள். மூன்று காண்டங்களின் பெயர்கள் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து. பிறப்பு, நபித்துவம், மதீனாப் பயணம் என்ற பொருள்கொண்ட அந்த அரபுச் சொற்களை அவர் மொழிபெயர்க்கவில்லை. உட்பிரிவுகளோ படலங்கள், ஐயாயிரத்துச் சொச்சம் பாடல்களும் விருத்தங்கள். நிலத்தைத் தமக்காக்கிக்கொண்டவர், சமயச் சொல்லை அதன் ஒலியோடே விட்டுவைத்தார்.

நிஜாமி வருந்திய வறட்சி உமறுவுக்குத் தடையாகவில்லை. நாட்டை முதலில் நனைத்துவிட்டுத்தான் தமிழ்க் காப்பியம் கதைக்குள் போகும். நெல் விளையும் நாட்டில் நபி பிறந்தார் என்று கேட்டவர்களுக்கு, மக்கா கடல் கடந்த ஊராகத் தோன்றியிருக்காது.