கீமோ சிகிச்சையும் அந்தக்கரணமும்

இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குத் தரப்படும் கீமோ மருந்துகளில் சில, நரம்புகளையும் மூளையையும் தாக்குகின்றன. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் கைகால் நரம்புகளைத் தளர்த்தும். முன்பாதம் தொங்கிக் குழந்தை வாசற்படியில் இடறும். சட்டைப் பொத்தானை மாட்ட விரல்கள் பிடி கொடுக்காது. தண்டுவட நீரில் செலுத்தும் மெத்தோட்ரெக்சேட் சிலருக்கு வலிப்பையோ, பக்கவாதம் போல வந்து விலகும் தளர்ச்சியையோ உண்டாக்கும். அதிக அளவு சைட்டராபின் சிறுமூளையைப் பாதித்து நடையைத் தள்ளாடவும் பேச்சைக் குழறவும் வைக்கும். கைகால் தளர்ச்சி பெரும்பாலும் போகப்போகக் குறையும். கவனத்திலும் நினைவிலும் சிலருக்கு ஏற்படும் குறை ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

சரவணம்பட்டியிலிருந்து கோவை நகர மருத்துவமனைக்கு அலையும் பெற்றோர், “பையன் முன்ன மாதிரி இல்லீங்க” என்றால் அது வெறும் புலம்பல் அல்ல. நினைவும் குணமும் மருந்தால் மாறுமானால் ‘நான்’ என்பது எது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் இதற்கு நேரான விடை உண்டு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் அன்று என்கிறது மெய்கண்டாரின் சிவஞானபோதத்து நான்காம் நூற்பா. அவை மாயையில் தோன்றிய சடக்கருவிகள். மருந்து அவற்றைத் தாக்குவதில் வியப்பில்லை. இதோடு நிறுத்தினால் ‘ஆன்மாவுக்கு ஒன்றுமில்லை’ என்ற மலிவான ஆறுதலாகிவிடும். உயிரோடு ஒட்டிய அறியாமையாகிய ஆணவ மலத்தால் மறைப்புண்ட உயிர் தானாக எதையும் உணராது, அமைச்சரோடு கூடிய அரசனைப் போலக் கருவிகளோடு கூடியே இயங்கும் என்றும் அதே நூற்பா சொல்கிறது. ஆகவே கருவி தளர்ந்தால் இழப்பு மெய்யான இழப்பே. அதனால் உயிர் வேறொன்றாகிவிடுவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதுதான் இக்கொள்கையின் வலிமை.

இன்னொரு கேள்வி வினை பற்றியது. சித்தாந்தம் வினையை ஏற்கிறது. ஆனால், ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று உறவினர் சொல்லும்போது அது நோயுற்ற குழந்தைமேல் சுமத்தும் குற்றச்சாட்டாகிறது. அப்படிச் சொல்வது கொடுமை. இதற்கு மறுமொழி கொங்கு மண்ணிலேயே பாடப்பட்டிருக்கிறது. திருச்செங்கோட்டில் குளிர்சுரம் அடியார்களை வாட்டியபோது ஞானசம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம் என்கிறது பெரியபுராணம். முன்வினையின் பயன் இது என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருப்பது குறையல்லவா என்றுதான் அப்பதிகம் தொடங்குகிறது.

உய்யும் வழியை நாடுவதில் மருத்துவமும் அடங்கும். விரல் மரத்தல், தாடை வலி, கடும் மலச்சிக்கல், திடீர்க் குழப்பம், பேச்சுக் குழறல் எதுவானாலும் அடுத்த ஊசி வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்றவும் இயன்முறைப் பயிற்சி தொடங்கவும் அவரால் முடியும். சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஆசிரியர்கள் திட்டாமல், எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் கொடுக்கட்டும்.