அட்டையில் நிற்கும் பார்வை

மாணவரின் கண்ணைக் கவர்வதும் அவரை மெய்ப்பொருளின்பால் திருப்புவதும் ஒரே செயல்தானா என்னும் வினாவை, அமெரிக்க மெதடிஸ்ட் மாணவர் இயக்கத்தின் இதழாக 1941இல் தொடங்கி 1972 வரை வெளிவந்த ‘மோட்டிவ்’ கூர்மையாக எழுப்புகிறது. திருமறைச் சொல்லையே முதன்மையாகக் கொண்டு, படிமங்களைச் சற்று ஐயத்தோடு நோக்கிய சீர்திருத்தத் திருச்சபை மரபில் தோன்றியும், அவ்விதழ் பழகிப்போன பக்திப் படங்களை ஒதுக்கி நவீன ஓவியர்களின் படைப்புகளுக்கு இடமளித்தது.

இதனைத் தூண்டில் என்று தள்ளிவிடுவது எளிது; ஆனால் அது அவசரத் தீர்ப்பு. பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-லூக் மரியோன், பார்வையைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளும் உருவை ‘விக்கிரகம்’ என்றும், கட்புலனாகாத ஒன்றை நோக்கிப் பார்வையைக் கடத்திவிடும் உருவைத் ‘திருவுரு’ என்றும் பிரித்துக் காட்டுகிறார். இவ்வளவுகோலின்படி, பார்த்தவுடன் புரிந்துவிடும் சாந்தமான மேய்ப்பர் படம் விக்கிரகமாகத் தேங்கிவிடக்கூடும். எளிதில் பிடிபடாத மரச்செதுக்கு அச்சோ, தன் நிறைவின்மையாலேயே, மாணவரைத் தன்னைக் கடந்து நோக்கச் செய்யக்கூடும். எனினும் மரியோன் சுட்டும் வேறுபாடு பொருளைவிடப் பார்க்கும் முறையையே பெரிதும் சார்ந்திருப்பதால், விடுதி மேசையில் கிடக்கும் ஒரே இதழட்டை ஒருவருக்கு விக்கிரகமாகவும் அவருடைய அறைத்தோழருக்குத் திருவுருவாகவும் அமையலாம். வடிவமைப்பாளரின் அதிகாரம் அவ்விடத்தில் முடிந்துவிடுகிறது.