நாளை எழுவோர்க்கு இடமுண்டா?

சாவை வெல்ல வேண்டும் என்பது மாந்தரினத்தின் பழம்பெரும் வேட்கை. இருபதாம் நூற்றாண்டில் அவ்வேட்கை அறிவியல் உடை அணிந்து வந்தது. இறந்தோரின் உடலைக் கடுங்குளிரில் காத்து வைத்தால் வருங்கால மருத்துவம் அவர்களை எழுப்பக்கூடும் என, 1964இல் வெளிவந்த தமது நூலில் அமெரிக்கரான இராபர்ட் எட்டிங்கர் எழுதினார். 1967 சனவரி 12ஆம் நாள் உறைய வைக்கப்பட்ட பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல், இன்றும் சுழியத்திற்குக் கீழ் 196 பாகைக் குளிரில், திரவ நைட்ரஜனில் இருக்கிறது. இவ்வாறு வைக்கப்பட்டோரில் ஒருவரும் இதுவரை எழுந்திலர்.

எழுந்தால் இடமுண்டா? பிறப்போர்க்கே நிலமும் நீரும் போதாதபோது இறந்தோரையும் மீட்பது முறையாகுமா? மறுப்போர் தொடுக்கும் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. நெரிசல் யாதென்பதைத் தோட்டத்துத் தமிழர் நன்கறிவர். லயத்து வீட்டின் ஓர் அறையில் மூன்று தலைமுறையும் முடங்கிக் கிடந்த காலம் உண்டு. பிள்ளை படிக்கவும் நோயாளி படுக்கவும் தனியிடம் இல்லாத வாழ்வை நிறைவாழ்வு என எவரும் கூறார்.

ஆயினும் அந்நெரிசலுக்கு நிலக்குறைவு காரணமன்று. குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், காஹாங்கைச் சுற்றிப் பரந்து கிடக்கும் தோட்டங்களைக் காண்போர்க்கு இது விளங்கும். லயத்து வாசலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நிலம். அதில் உழைத்தோர்க்கோ ஓர் அறை. பகிர்வு குறைந்த இடத்தில் நெரிசல் பிறக்கிறது.

எண்ணிக்கை பற்றிய அச்சமும் காலத்திற்கேற்ப மாறுவதே. 1966இல் குடும்பத் திட்ட வாரியம் அமைத்த மலேசியா, 1984இல் 7 கோடி மக்கள் என்னும் இலக்கை வகுத்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தோர் ஏறத்தாழ 3 கோடியே 24 இலட்சம். பிறப்பு விகிதமோ, பெற்றோர் தலைமுறையை ஈடுசெய்யும் அளவினும் தாழ்ந்துவிட்டது. உலகில் உறைய வைக்கப்பட்டோர் சில நூற்றுவரே. அவர்களால் புவி நிரம்பிவிடாது. மேலும், இடமில்லை என்று கூறி ஓருயிரை மறுக்கலாமெனில், அதே கூற்று நாளை முதியோர் மீதும் பிணியாளர் மீதும் பாயும்.

அவர்களின் உண்மையான இடர் வேறு. கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் இடுகாட்டில் நிலவறையொன்றில் வைக்கப்பட்ட உடல்கள், பொருளுதவி நின்றமையால் உருகிச் சிதைந்த செய்தி 1979இல் வெளியாயிற்று. உறைந்தவர் தமக்காகப் பேச இயலாதவர். அவரைக் காப்பது குளிர் மட்டுமன்று, இருப்போரின் நன்றியும் நேர்மையுமாகும்.

நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். எவர் வாழ்வு பிறர்க்குப் பயன்படுமோ அவர் நீடு வாழ்தல் வேண்டும் என்பது அக்கொடையின் பொருள். நீடு வாழ விழைவோர் இவ்வளவுகோலால் தம்மை அளந்து பார்த்தல் வேண்டும். அவர்களை வரவேற்க வேண்டிய சமுதாயத்திற்கும் ஓர் அளவுகோல் உண்டு. உயிரோடிருக்கும் பாட்டிக்குத் திண்ணையில் இடமளியாத வீடு, நூறாண்டு கழித்து எழுந்து வரும் பூட்டனுக்குக் கதவு திறக்குமோ? இடம் நிலத்தில் அளக்கப்படுவதற்கு முன் நெஞ்சத்தில் அளக்கப்படுகிறது. மாணவர் இன்றே பயில வேண்டிய கணக்கு அதுவே.