கத்தியின் கறுப்பு



உங்கள் அடுக்களையில் பழைய அரிவாள்மணை இருந்தால் அதன் அலகைச் சற்று நோக்குங்கள். பட்டறையிலிருந்து வந்த நாளில் அது வெள்ளிபோல் மின்னியது. வாழைக்காயும் மாங்காயும் நறுக்கி நறுக்கி இன்று நீலமும் சாம்பலும் கலந்த கறுப்பாய் நிற்கிறது. சட்டைப்பையில் கிடக்கும் எஃகுப் பேனாக்கத்திக்கும் இதே கதைதான். புது மருமகள் அதைத் துருவென்று எண்ணிச் செங்கற்பொடி போட்டுத் தேய்க்க உட்காருவாள். மாமியார் ஓடிவந்து தடுப்பார். இந்த ஒரு வழக்கிலாவது நியாயம் மாமியார் பக்கம் இருக்கிறது.

ஏனெனில் இரும்பின்மேல் படிவது எல்லாம் ஒன்றல்ல. செந்துரு பொருபொருவென்று உதிரும். ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்து, அடியிலுள்ள இரும்பையும் தின்றுகொண்டே போகும். கறுப்போ இறுகப் பற்றும் மெல்லிய படலம். காய்கனிகளின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு கூடி அதை உண்டாக்குகின்றன. கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அந்த மையின் கறுப்பும் இதே இனந்தான். துருவை அது முற்றும் தடுத்துவிடாது, நன்றாய்த் தாமதப்படுத்தும். தில்லி இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு, பாஸ்பரஸ் மிகுந்த அந்த இரும்பின்மேல் தானாக வளர்ந்த படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார்.

இப்போது சிலர் அந்தக் கறுப்புக்காகக் காத்திருப்பதில்லை. புதுக் கத்தியைச் சோப்பிட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, சூடான காடியை, அதாவது வினிகரை, துணியில் நனைத்துப் பலமுறை தடவுகிறார்கள். அலகு சாம்பல் நிறமாகிப் பின்பு கறுக்கும். கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டால் வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் வரவேண்டியது ஒரு மாலையில் வந்துவிடுகிறது. இது பொய்யல்லவா என்று கேட்கத் தோன்றுகிறது.

கேள்வி அற்பமானதன்று. புதிதாய் வார்த்த படிமத்துக்கு மருந்து பூசி, மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றி, சோழர் காலத்தது என்று விற்பவர்கள் இருக்கிறார்களே! ஆனால் அங்கே பொய் எதில் இருக்கிறது? பொய்யின் சாரம் மெய்யல்லாததைச் சொல்ல நினைக்கும் மனத்தில் இருக்கிறது என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ். காடியிட்ட கத்தியை "என் பாட்டனார் வைத்திருந்தது" என்று சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது. அதுவரை அது கத்தியைக் காக்கும் படலம், அவ்வளவே. பூசிய கறுப்பெல்லாம் பொய்யென்றால் நம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் காலத்து ஓலைச்சுவடிகளும் பொய்யாகிவிடும். எழுத்தாணி கீறியது கண்ணுக்குத் தெரிய அதன்மேல் கரி பூசத்தானே செய்தார்கள்?

இதை ஏன் இங்கே எழுதுகிறோம்? நம் தெருவில் ஒருவர் மூன்று வாரமாய்க் குடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் நேரே வீடு வருகிறார்; பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். "எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வருகிறது. நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான் என்று அரிஸ்டாட்டில் கற்பித்தார். செய்யத் தொடங்கும்போது மனம் இன்னும் அங்கே வந்து சேர்ந்திருக்காது. அந்த மூன்று வாரமும் காடியிட்ட கறுப்புத்தான். மெல்லியது, நகம் பட்டால் கீறல் விழும். ஆயினும் மெய்யான படலம். அடியில் பழைய நிறம் தெரிகிறதா என்று பார்க்க நாம் ஏன் செங்கற்பொடி எடுக்கவேண்டும்?

அந்தச் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. பத்து வருஷமாகத் திருந்தியவர்போல் பேசி, மற்றவர்களுக்குப் புத்தி சொல்லப் புறப்படவேண்டாம். செந்துருவின்மேல் காடி தடவினால் கறுப்பு நில்லாது. துருவை முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். வீட்டுக்காரியின் சங்கிலி இன்னும் அடகுக்கடையில் இருந்தால், இந்த மாதக் கூலியில் அதற்கென்று முதலில் எடுத்து வைக்கட்டும்.