பழரசக் கோப்பையும் மது மேசையும்

மது ஹராம் என்பதில் நம் வீடுகளில் எவருக்கும் ஐயமில்லை. குடிப்பவரோடு உட்காருவது எப்படி என்பதில்தான் தடுமாற்றம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உத்தியோகம் பார்க்கும் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பெரிய ஆர்டர் கிடைக்கும்போதெல்லாம் மேலதிகாரி தம் பிரிவினரை நகரத்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் காக்டெயில் பாருக்கு அழைத்துச் செல்கிறாராம். இவர் மதுவைத் தொடுவதில்லை. பழரசத்தில் சோடா கலந்து, புதினா இலை செருகித் தருகிறார்களே, 'மாக்டெயில்' என்று, அதை மட்டும் பருகுகிறார். போகாவிட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும். தங்கையின் நிகாஹ் செலவு முன்னால் நிற்கிறது. "ஹலாலான பானத்தைத்தானே குடிக்கிறேன்?" என்று கேட்கிறார்.

"கூடாது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது திருமறை தரும் சட்டம். பக்கத்து நாற்காலிக்காரர் குடித்தால் இவர்மீது என்ன குற்றம்?

இந்த மாக்டெயில் விவகாரம் புதிதென்று எண்ணவேண்டாம். ஹிஜ்ரி 505இல் (1111) வஃபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதைத் தொட்டிருக்கிறார்கள். சிலர் கூடிச் சபையை அலங்கரித்து, மதுக் கிண்ணங்களைப் பரப்பி, ஊற்றிக் கொடுக்க ஓர் ஆளையும் நிறுத்தி, கிண்ணத்தில் சிகன்ஜபீனை, அதாவது காடியும் தேனும் கலந்த சர்பத்தை, ஊற்றிக் குடிக்கிறார்கள். சர்பத் ஹலால்தான். ஆயினும் அச்செயல் கூடாது என்கிறார்கள் இமாமவர்கள். குடிகாரர்களின் கோலத்தைப் பூண்டதே காரணம். அங்கே ஒரு சொட்டு மதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் சகோதரரின் மேசையிலோ அசல் மதுவே இருக்கிறது!

அடுத்து, உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. மது அருந்திய கூட்டமொன்று பிடிபட்டது. அவர்களில் ஒருவர் நோன்பாளி என்று சொல்லப்பட்டது. தண்டனையை அவரிலிருந்தே தொடங்கச் சொன்னார்கள் கலீஃபா. இறைவசனங்கள் பரிகசிக்கப்படும் சபையில் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவரே என்ற கருத்துடைய அந்நிஸா அத்தியாயத்தின் 140ஆம் வசனத்தை ஆதாரமாக்கினார்கள். நோன்பாளி பிறருடைய சுமையைச் சுமக்கவில்லை. தம் சுமையைத்தான் சுமந்தார். சபை என்பது உட்கார்ந்திருப்பவர்களால் ஆவது. ஒவ்வொருவராய் எழுந்துவிட்டால் அங்கே சபை ஏது? மது பரிமாறப்படும் விரிப்பில் அமரவேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததும் இதனால்தான் போலும்.

"அப்படியானால் ஹோட்டல் வாசலையே மிதிக்கக் கூடாதா?" அப்படியுமன்று. மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வில் விருந்து பற்றிய பிரிவினை அழகானது. விருந்து வீட்டில் வீண் கேளிக்கை இருக்குமென்று முன்பே தெரிந்தால் போகக்கூடாது. தெரியாமல் போய், அது மேசையிலேயே நடந்தால் எழுந்துவிட வேண்டும். வீட்டின் வேறொரு பகுதியில் நடந்தால், பிறர் பின்பற்றும் நிலையில் இல்லாத சாமானியர் உண்டுவிட்டு வரலாம். ஆக, ஒரே கட்டடத்தில் பார் இருப்பதால் அங்குள்ள சாப்பாட்டுக் கூடம் ஹராமாகிவிடாது. இவரோ எங்கே போகிறோமென்று தெரிந்தே போகிறார்.

இன்னொன்று, பில். கம்பெனி கட்டுகிறதா, எல்லோரும் சமமாய்ப் பிரித்துக்கொள்கிறீர்களா? பிரித்துக்கொண்டால் இவர் காசிலும் மது வாங்கப்படுகிறது. மது விஷயத்தில் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் வாங்குபவரும் உண்டல்லவா?

நம்மை உறுத்துவது வேறொன்றும் உண்டு. ஆவடி சாலையோரத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் கூலியாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதே சரக்கு குளிர்சாதன அறையில், மெல்லிய விளக்கொளியில், எலுமிச்சைத் துண்டோடு வந்தால் 'நாகரிகம்' என்கிறோம். மகன் டாஸ்மாக் கடை வாசலில் நின்றான் என்று கேட்டால் பதறும் தாய், நட்சத்திர ஹோட்டலில் அதிகாரிகளோடு அமர்ந்தான் என்றால் பெருமைப்படுகிறாள். சர்க்காரின் சட்டம் இங்கே மாறி மாறி வந்திருக்கிறது. 1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் நிறுத்தப்பட்டு, 1974இல் திரும்பி வந்து, 1981இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளை அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது. மார்க்கச் சட்டத்துக்கு இந்த ஏற்ற இறக்கமும் இல்லை, அறையின் வாடகைக்கேற்ற தள்ளுபடியும் இல்லை.

பதவி உயர்வுக் கவலையை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் மறுப்பதற்கும் முறை இருக்கிறது. அலுவலகத்தில் பயான் செய்ய வேண்டாம். குடிப்பவர்களை இழிவாகப் பார்க்கவும் வேண்டாம். ஆர்டர் கிடைத்த மறுநாள் காலையிலேயே அதிகாரியைத் தனியே கண்டு, "சார், உழைப்பில் எப்போதும் உங்களோடு இருப்பேன், அந்த மேசைக்கு மட்டும் என்னை அழைக்காதீர்கள், பகல் விருந்தாக வைத்தால் முதல் ஆளாய் வருவேன்" என்று சொல்லலாம். அந்த மேசைக்கு மனமின்றிப் போகும் மாற்று மதச் சகோதரர்களும் அந்தப் பிரிவில் இருக்கக்கூடும். அவர்களில் ஓரிருவரை முதலில் கலந்து பேசிக்கொண்டு போனாலும் நல்லதே.