உரிமை கொடையா, உடைமையா?

ஒருவர் கொடுத்ததனால் வந்ததே உரிமை என்றால், கொடுத்தவர் அதைத் திரும்பப் பெறவும் கூடுமன்றோ? இவ்வினாவுக்கு விடை காண, இங்கிலாந்தின் பழஞ்சாசனம் ஒன்றன் வரலாற்றை நாம் எடுத்துக்கொள்வோம்.

1215-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரன்னிமீட் புல்வெளியில், ஜான் மன்னன் தன் பிரபுக்களின் நெருக்குதலுக்குப் பணிந்து ஒரு சாசனத்துக்கு இசைந்து முத்திரையிட்டான். மாக்னா கார்ட்டா எனப் பின்னர்ப் பெயர் பெற்றது அதுவே. ஒத்த நிலையினரின் தீர்ப்பாலோ நாட்டுச் சட்டத்தாலோ அன்றி, சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்படுத்தலும் நிலம் பறித்தலும் நாடு கடத்தலும் ஆகா என்றது அதன் 39-ஆம் பிரிவு. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, மன்னனுக்குத் துணைநின்ற போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் அச்சாசனம் செல்லாதென அறிவித்தார். கொடையாக வந்தது மூன்று திங்கள் நிறையுமுன் பறிபோயிற்று.

அடுத்த மன்னன் காலத்தில் 1216, 1217, 1225 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தங்களோடு மீண்டும் வெளியாயிற்று. எனினும், 'சுதந்திர மனிதன்' என்னும் சொல்லை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பிரபுக்களின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு உழைத்த பெருந்தொகையான குடியானவர்கள் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. 1354-இல் மூன்றாம் எட்வர்டு காலத்துச் சட்டம் ஒன்று, எந்நிலையினராயினும் சட்டமுறை விசாரணையின்றித் தண்டிக்கப்படலாகாது என அவ்வெல்லையை விரித்தது. 1628-இல் எட்வர்டு கோக் முதலியோர் முதலாம் சார்லஸ் மன்னனை எதிர்த்து எழுப்பிய உரிமை விண்ணப்பமும் பழஞ்சாசனத்தையே சான்றாகக் காட்டிற்று. இவ்வழிவந்த கருத்து 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்திலும், 1950-இல் நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. சட்டம் வகுத்த நெறிமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது நம் விதி. இங்கே 'குடிமகன்' என்ற வரையறையும் இல்லை. மனிதராக இருத்தலே போதும்.

எழுதி வைத்துவிட்டால் போதுமா? நெருக்கடி நிலையின்போது, 1976-இல், விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை நாட இயலாதென உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 21-ஆம் பிரிவு இல்லாவிடினும், சட்டத்தின் துணையின்றி ஒருவரின் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவர் துணிபு. 1978-இல் நிறைவேறிய 44-ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் அவ்வுரிமையை நிறுத்திவைக்க இயலாதபடி செய்தது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கில் அப்பழைய தீர்ப்பு புறந்தள்ளப்பட்டது. உயிரும் சுதந்திரமும் அரசியலமைப்பு படைத்தளித்தவை அல்ல, மனிதனோடு பிறந்தவை என்னும் கருத்தும் அங்கே உறுதி பெற்றது. ஆகவே உரிமை கொடையன்று, உடைமையே. சாசனம் அதற்குச் சான்றோலை மட்டுமே.

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இவ்வுண்மை பெரிதும் உரியது. நாட்டின் எப்பகுதியிலும் வாழும் உரிமையை 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு உறுதி செய்கிறது. பிறர் தயவால் நாம் இங்கு வாழவில்லை. நமக்குப் பின்னர் பிழைப்புத் தேடி நம் தெருவுக்கு வரும் எளியவனுக்கும் அதே அளவுகோலை நாம் நீட்டுகின்றோமா? அன்றைய பிரபுக்கள் தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றனர். தம் நிலத்தில் உழைத்தோரை மறந்தனர். அம்மறதி நமக்கு ஆகாது.