பெயரும் கூலிதான்

கண்டிச் சீமைத் தோட்டங்களில் நெடுங்காலம் ஒரு வழக்கம் நிலவியது: கொழுந்து பறித்தவள் மனைவி, அவள் கூலியைக் கைநீட்டிப் பெற்றவன் கணவன். புகழின் பங்கீட்டிலும் இதே கணக்குத்தான். சாதித்த பெண்ணைப் பற்றிய செய்தியிலும் கணவன் பெயரே கொட்டை எழுத்தில் ஏறுகிறது.

மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டியவர். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாடல் நூலை வெளியிட்டவர். எனினும் அவரைப் பற்றிய அறிமுகம் பெரும்பாலும் ‘நடேசய்யரின் மனைவி’ என்றே தொடங்குகிறது.

1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கண்ட நடேசய்யரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. உறவைச் சொல்வது குற்றமா எனச் சிலர் வினவலாம். குற்றமன்று, உழைப்பை மறைத்து உறவை மட்டும் சொல்வதே குற்றம். பெயரும் கூலிதான், அது உழைத்தவர் கையிலேயே சேரவேண்டும்.